என் மகளின் பின்மூளைக் கட்டிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனை: நிறையும் குறையும்

சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் மூளை நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவையும், அதே வளாகத்தில் இருக்கும் கதிர்வீச்சு, கீமோ பிரிவுகளையும் பற்றி எழுதுகிறேன். குறைகளும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. என் மகளுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பின்மூளைப் புற்றுக்கட்டி. அப்போது அவளுக்கு ஏழு வயது, இப்போது பத்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் கேட்டது ஒரே கேள்விதான், "யாரு ஆபரேஷன் பண்ணுனா, கைராசியான டாக்டரா?" ஆபரேஷன் ஏழு மணி நேரம். அதற்குப் பிறகு வைத்தியம் பதினைந்து மாதம். அந்தப் பதினைந்து மாதத்தை ஒரு மருத்துவமனை எப்படி நடத்துகிறது என்று யாருமே கேட்கவில்லை, நாங்களும் போகும்போது கேட்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே அறிகுறியோடு எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை இருக்கலாம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். பொங்கல் முடிந்ததிலிருந்து பாப்பா காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள், எடுத்ததும் கொஞ்சம் தேவலை என்று படுத்துக்கொள்வாள், பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடுவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று நானே திட்டியிருக்கிறேன். ஆச்சி பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் என்றார்கள், அப்புறம் பூச்சி மாத்திரை, அப்புறம் ஒற்றைத் தலைவலி என்று ஒரு மருந்து. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், நான் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் ஒவ்வொரு கட்டத்திலும் காலை ஊன்றினாள். முந்தின வருடம் தெருவிலேயே அவளை யாரும் ஜெயிக்க முடியாது. தலையையும் ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள். மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம், பார்வை இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதால். அவர் விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு வீங்கியிருக்கிறது, இன்றைக்கே தலையை ஸ்கேன் எடுங்கள் என்றார். அன்று ராத்திரியே ரயிலேறினோம்.

இனி மருத்துவமனை. ஓ.பி.யில் பார்த்த இளம் டாக்டர் பாப்பாவை டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். நாலு அடி நடப்பதற்குள் சாய்ந்தாள். எம்.ஆர்.ஐ. எடுத்தபின் பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுச் சொன்னார். பின்மண்டைக்குள் ஒரு சின்னக் குழி, அதில் சிறுமூளை, அதற்கு முன்னால் மூளைத்தண்டு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் போகிற ஒரு அறை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு மூளைநீர் ஊறுகிறது, அது அந்த அறை வழியாகத்தான் வெளியேற வேண்டும். கட்டி அந்த வழியை அடைத்துவிட்டது, மேலே தண்ணீர் தேங்கி அழுத்துகிறது. ராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறும், காலை வாந்திக்கு அதுதான் காரணம் என்றார். இரண்டு மாதமாக யாரும் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் புரியவைத்தார், அதுவும் தமிழில். வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாள் காலை பாப்பா நாலு இட்லி சாப்பிட்டாள், கட்டியே கரைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இந்த இடத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை நடந்த பேச்சுக்குத்தான். கையெழுத்து வாங்க வந்தபோது அதே டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "அம்மா, இதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சதும் பேசுவா. அதுக்கு அடுத்த நாளோ அதுக்கும் மறுநாளோ பேச்சு நின்னு போகலாம். இந்த வகைக் கட்டியில நாலு பிள்ளைகள்ல ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகுது. நின்னா பயப்படாதீங்க, பேச்சு திரும்ப வரும். ஆனா முன்ன மாதிரி அப்படியே இருக்கும்னு நான் சொல்லமாட்டேன்." அப்போது அவர் மேல் கோபம்தான் வந்தது, நாளைக்குக் கத்தி வைக்கப்போகிறவர் இதையா இப்போது சொல்வார் என்று. அந்த நாலில் ஒன்று என் மகளாகத்தான் இருந்தாள். ஐ.சி.யூ.வில் முதல் நாள் "அம்மா, தண்ணி" என்று கேட்டவள் இரண்டாம் நாள் மதியத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணைத் திறக்கவே மாட்டாள், உடம்பு துணி மாதிரித் துவண்டு கிடக்கும், மெல்லிய குரலில் விடாமல் ஒரு அழுகை மட்டும். அந்தப் பேச்சு முன்னாலேயே நடந்திருக்காவிட்டால் ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நான் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கியிருப்பேன்.

நர்ஸ்கள் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தலையிலிருந்து தண்ணீரை வெளியே எடுக்க ஒரு குழாய் வைத்திருந்தார்கள், அது ஒரு கம்பியில் தொங்கும் பைக்குப் போகும். அந்தக் கம்பியில் பை எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதைப் பிள்ளையின் காது மட்டத்திலிருந்து அளந்து வைப்பார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை நாம் இரண்டு விரல் ஏற்றினாலும் கணக்கு மாறி, தண்ணீர் அதிகமாகவோ குறைவாகவோ வடிந்துவிடும். "அக்கா, கட்டிலைத் தொடணும்னா என்னைக் கூப்பிடுங்க, ராத்திரி மூணு மணின்னாலும் கூப்பிடுங்க" என்றாள் ஒரு சின்னப் பெண், நர்ஸிங் முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கூப்பிட்டேன், வந்தாள், ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்த்து வைத்தாள். இந்த மாதிரிக் கட்டி எடுத்தபின் மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தலையிலிருந்து வயிற்றுக்குள் நிரந்தரமாகக் குழாய் விட வேண்டிவரலாம், அதற்கு ஷன்ட் என்று பெயர். எங்களுக்குக் குழாயை அடைத்துப் பார்த்து, தாங்குகிறாள் என்று தெரிந்ததும் எட்டாம் நாள் எடுத்துவிட்டார்கள். ஷன்ட் தேவைப்படவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்று நாளைக்குள் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதைத் தள்ளிப்போட்டால் மிச்சக் கட்டி எது, அறுத்த இடத்தின் காயம் எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஐ.சி.யூ.வில் கிடக்கிற பிள்ளையை அலைக்கழிக்கிறார்களே என்று அப்போது அழுதேன். வேறு ஊரில் ஆபரேஷன் ஆகி இங்கே கதிர்வீச்சுக்கு வந்த ஒரு பையனுக்கு அந்த ஸ்கேனே எடுக்கவில்லை, மிச்சம் எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடியாமல் எல்லாரும் திணறினார்கள். அதைப் பார்த்தபிறகுதான் அதன் அருமை புரிந்தது.

வார்டில் நாங்கள் நாலு குடும்பம். நாலுமே பின்மண்டைக் கட்டிதான், நாலும் வேறு வேறு. பிள்ளைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி இந்த இடத்தில்தான் வருகின்றன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கள் எதிர்க் கட்டிலில் இருந்த ஒன்பது வயதுப் பையனுக்குப் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, மெதுவாக வளரும் கட்டி, முழுசாக எடுத்துவிட்டார்கள், கரண்டும் (கதிர்வீச்சை வார்டில் இப்படித்தான் சொல்வோம்) வேண்டாம் கீமோவும் வேண்டாம், ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த வகையில் பத்து வருடம் தாண்டியும் நன்றாக இருப்பவர்கள் நூற்றில் தொண்ணூறுக்கு மேல். ஜன்னல் ஓரத்தில் இரண்டு வயதுக் குழந்தை, எபெண்டிமோமா. அது நீர் போகும் அறையின் சுவரிலிருந்து கிளம்பி நரம்புகளைச் சுற்றிப் படரும், கடைசித் துளிவரை எடுக்க முடிந்ததா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதற்காக அந்தக் குழந்தைக்கு இரண்டாவது தடவையும் ஆபரேஷன் செய்தார்கள்.

எங்களுடையதை அப்புறம் சொல்கிறேன். நாலாவது ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தை. மூளைத்தண்டுக்குள்ளேயே பரவிய கட்டி, டி.ஐ.பி.ஜி. என்பார்கள். அதைக் கத்தி வைத்து எடுக்க முடியாது, மூச்சும் முழுங்குவதும் நடக்கிற இடம் அது. கரண்ட் வைத்தால் சில மாதம் நன்றாக இருப்பாள், இரண்டு வருடம் தாண்டுவதே அரிது என்று அவளுடைய அப்பாவிடம் சொன்னார்கள். சொன்ன விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும். வராந்தாவில் நிற்கவைத்துச் சொல்லவில்லை, அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் இருந்தார்கள். வீட்டிலேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்வதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று போன் நம்பரோடு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பொய்யான நம்பிக்கை கொடுத்துக் காசு வாங்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கும் அந்த இடத்தில் வருகிறது, ஆனால் கணக்கே வேறு. பெரும்பாலும் நுரையீரலிலோ மார்பகத்திலோ இருக்கும் புற்றுநோய் அங்கே போய் உட்கார்ந்ததாக இருக்கும், இல்லையென்றால் காது நரம்பில் வரும் சாதுக் கட்டி. எம்.ஆர்.ஐ. வரிசையில் சந்தித்த ஒரு அண்ணனுக்கு ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா, ரத்தக்குழாய்க் கட்டி. அது சிலருக்குப் பரம்பரையாக வரும் என்பதால் அவருடைய கண், சிறுநீரகம் எல்லாம் பார்த்து, தம்பி தங்கைகளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா. 1925-ல் அமெரிக்காவில் குஷிங், பெய்லி என்ற இரண்டு டாக்டர்கள் வைத்த பெயர், அந்தக் காலத்தில் வந்தால் பிழைப்பது அபூர்வம். இங்கேதான் என் முதல் குறை. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கட்டியின் பெயரும் கிரேடு 4, அதாவது வேகமாக வளரும் வகை, என்பதும் மட்டும் இருந்தன. இந்த ஒரே பெயருக்குள் நாலு உட்பிரிவுகள் இருக்கின்றன. டபிள்யூ.என்.டி. என்ற பிரிவில் பிள்ளைகள் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள், குரூப் 3 என்பது நாலிலும் மோசம். எது என்று பார்க்காமலே அடுத்த கட்டத்துக்குப் போகத் தயாராக இருந்தார்கள். பெங்களூரில் லேபில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன் போனில் சொல்லித்தான் நான் கேட்டேன். கேட்டதும் "பண்ணலாம்மா" என்று உடனே, ஆபரேஷனில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த சதையை (அதைத்தான் மெழுகுக் கட்டி என்பார்கள்) அனுப்பினார்கள், பத்து நாளில் வந்தது, டபிள்யூ.என்.டி.யும் இல்லை, எஸ்.எச்.எச். என்ற இரண்டாவது பிரிவும் இல்லை, மீதி இரண்டில் ஒன்று என்று. கேட்காதவர்களுக்கு? விவரம் தெரியாத எத்தனை அம்மாக்கள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்! இதை அவர்களே வழக்கமாகச் செய்ய வேண்டும்.

பிறகு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்துப் பரிசோதனை. பரவவில்லை. மூன்று வயதுக்கு மேல், மிச்சம் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குக் குறைவு, பரவல் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் சாதாரண அபாயப் பிரிவு. அதில் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றில் எண்பது பேர் அளவில். அந்த எண்ணை டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரர் எண்பதைப் பிடித்துக்கொண்டார், நான் இருபதைப் பிடித்துக்கொண்டேன், பல ராத்திரி.

இந்த நேரத்தில் பெரியப்பா வீட்டில் மும்பைக்குக் கொண்டுபோ, முடிந்தால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோ என்று ஒரே பிடிவாதம். எனக்கு அது தேவையென்று படவில்லை. இந்தியாவிலேயே மூளை அறுவை சிகிச்சைக்கு என்று முதல் துறை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தது, அடுத்த வருடமே சென்னை ஜி.எச்.சில் டாக்டர் ராமமூர்த்தி ஆரம்பித்தார். எழுபது வருடத்துக்கு மேல் கை பழகிய ஊர் இது. புரோட்டான் கதிர்வீச்சுகூட 2019 முதல் சென்னையிலேயே அப்போலோவில் இருக்கிறது. அதைப் பற்றியும் எங்கள் கதிர்வீச்சு டாக்டரிடம் கேட்டேன். கட்டியை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, புரோட்டானில் முதுகுக்கு வைக்கும்போது இதயம், குடல் பக்கம் கதிர் போவது குறையும், அதனால் பின்னாளில் வரும் தொந்தரவு குறையலாம், ஆனால் செலவு பல மடங்கு, அதற்காகக் காத்திருந்து ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் நடுவில் ஆறேழு வாரத்தைத் தாண்டவிட்டால் அது பெரிய நஷ்டம் என்றார். தன் இடத்தை விற்கவும் இல்லை, அடுத்த இடத்தைக் குறை சொல்லவும் இல்லை. நாங்கள் இங்கேயே வைத்துக்கொண்டோம்.

பேச்சு வந்தது இருபத்தாறாம் நாள். பிசியோதெரபி பெண் பாப்பாவின் காலை மடக்கி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள், பதினொன்று, பன்னிரண்டு என்று. "போதும்" என்று ஒரு சத்தம், இழுத்து, குடித்தவர் குரல் மாதிரி. நான் மருந்துச் சீட்டு மடித்துக்கொண்டிருந்தேன், என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. அந்தப் பிசியோ பெண்ணும் பேச்சுப் பயிற்சி கொடுத்த அக்காவும் நாள் தவறாமல் வந்தார்கள், பேசாத பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். இந்த இரண்டு பேரின் பெயரும் பில்லில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது.

கரண்ட் 30 நாள், சனி ஞாயிறு லீவு. முதல் 13 நாள் தலையிலிருந்து முதுகெலும்பின் அடிவரை, மொத்தம் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மீதி 17 நாள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும், அங்கே 54 கிரே வரை. வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி முகத்தில் வைத்து அழுத்துவார்கள், இறுகியதும் அதுதான் முகமூடி, தினமும் அதைப் போட்டுக் கட்டிலோடு பூட்டிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை அசையாமல் கிடக்குமா என்று பயந்தேன். மயக்கம் கொடுக்காமலே முடித்தார்கள், ஏனென்றால் அங்கிருந்த டெக்னீஷியன் முதல் இரண்டு நாள் கதிரே வைக்காமல் சும்மா முகமூடி போட்டு, மைக்கில் கதை சொல்லிப் பழக்கினார். கடைசி நாள் அந்த முகமூடியைக் கையில் கொடுத்தார், இப்போதும் பீரோ மேல் இருக்கிறது.

கீமோ எட்டுச் சுற்று, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. ஊரில் எந்தக் கோயில் மொட்டை என்று கேட்டவர்களிடம் திருச்செந்தூர் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது குறை இங்கே, இது பெரியது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதைக் கெடுக்கும், மெல்லிய உயர்ந்த சத்தங்கள் முதலில் போகும். ஆரம்பிக்கும் முன் ஒரு காது டெஸ்ட், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று எடுத்து, குறைந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். எங்களுக்கு முதல் டெஸ்ட் எடுத்ததே மூன்றாவது சுற்றுக்கு முன்னால், அதுவும் பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லி நான் கேட்டபின். அதற்குள் இரண்டு காதிலும் கொஞ்சம் போயிருந்தது. மருந்தைக் குறைத்தார்கள். டாக்டர் வருத்தம் தெரிவித்தார், ஃபைலில் எழுதவும் செய்தார், மழுப்பவில்லை. ஆனால் போன காது வராது. பாப்பா இப்போது காதுக் கருவி போடுகிறாள், குக்கர் விசில் கேட்கும், சில்லுவண்டுச் சத்தம் கேட்காது.

இன்சூரன்ஸ் கவுண்டர் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒரு கையெழுத்துக்கு மூன்று மாடி, மூன்று தடவை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால். எங்களுக்குப் பொருந்தவில்லை, பொருந்தியவர்களுக்கும் அந்தக் கவுண்டரில் யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்லவில்லை, அட்டெண்டர் அண்ணன் ஒருவர்தான் எந்தக் காகிதம் எங்கே என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைத்தியம் முடிந்ததும் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்று அதில் ஒரு வரி இல்லை. தலைக்குக் கரண்ட் வைத்த பிள்ளைகளுக்குப் படிப்பதன் வேகம் குறையும், புரிந்துகொள்வார்கள், எழுதி முடிக்க நேரமாகும். நாங்களே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொல்லி முன் பெஞ்சும் கூடுதல் நேரமும் வாங்கினோம். ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பியது மட்டும் சரியான நேரத்தில் நடந்தது, தைராய்டு குறைந்திருப்பது அப்படித்தான் தெரிந்தது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளக்கிறார்கள், உட்கார்ந்து ஒரு அளவு, நின்று ஒரு அளவு, ஏனென்றால் முதுகெலும்புக்குக் கரண்ட் வைத்ததில் கால் வளரும் அளவுக்கு முதுகு வளராது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆபரேஷன், நர்ஸ்கள், பிசியோ, உண்மையைச் சொல்லும் பழக்கம், இதற்கெல்லாம் முழு மதிப்பெண். ஒரு துறை செய்வதை அடுத்த துறை நினைவுபடுத்தாமல் விடுவதற்குத்தான் அந்த ஒன்றரை போனது. இதே வைத்தியத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மூன்று நாள் ஸ்கேன், உட்பிரிவு, கீமோவுக்கு முந்தின காது டெஸ்ட், இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா ஸ்கேனையும் சி.டி.யாக வாங்குங்கள், ஃபிலிம் மட்டும் போதாது. சதை இருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள், இரண்டாவது கருத்துக்கு வேறு ஊருக்கு அனுப்ப அதுதான் வேண்டும். மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் மாத வாடகைக்குச் சமையலறையோடு அறை கிடைக்கிறது, கரண்ட் நாட்களில் பிள்ளைக்குத் தொண்டை எரியும், கேன்டீன் சாப்பாடு இறங்காது, நான் குழைய வடித்த சோற்றில் மோர் ஊற்றித்தான் கொடுத்தேன். எங்களுக்கு அடுத்த ஸ்கேன் ஆகஸ்டில். அந்த வாரம் வார்டுக்கும் போவோம், யாருக்காவது ஏதாவது கேட்கவேண்டும் என்றால் அங்கே என்னைப் பார்க்கலாம்.